ராக் ரேடியோவைக் கொன்றது யார்? பாஸ்டன் நகரின் கதை

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறது பாஸ்டன் நகரம். கல்லூரி மாணவர்கள் மொய்க்கும் ஊர். ஒரு காலத்தில் அங்கே ராக் பாட்டு ரேடியோக்கள் கொடிகட்டிப் பறந்தன. அந்தக் கொடிகள் ஒவ்வொன்றாக இறங்கி விட்டன.

கேட்டால், ‘‘இன்டர்நெட் வந்திச்சு, ரேடியோ படுத்திடுச்சு’’ என்று ஒரே வரியில் முடித்து விடுகிறார்கள்.

அது பாதி உண்மை. மீதிப் பாதி சங்கதி வேறு.

டபிள்யூ.பி.சி.என். என்று ஒரு நிலையம். எப்.எம். 104.1. 1958-ல் தொடங்கியபோது அது மேல்நாட்டு சாஸ்திரீய இசை நிலையம். கேட்க ஆள் குறைவு. கடன் கழுத்தை நெரித்தது. ரே ரீப்பன் என்ற இசைக்கூட முதலாளி வந்தார். ‘‘ராத்திரி நேரத்தை என்னிடம் விடுங்கள்’’ என்று கேட்டு வாங்கினார். 1968 மார்ச் 15, இரவு 10 மணிக்கு ராக் இசை பாய்ந்தது. இரண்டே மாதத்தில் நாள் முழுக்க ராக்!

எந்தத் தட்டைப் போடுவது என்பது அறிவிப்பாளர் இஷ்டம். முதலாளி தலையிட மாட்டார். நள்ளிரவில் தட்டு சுழற்றிய பீட்டர் வுல்ப், பின்னாளில் ஜே.கைல்ஸ் குழுவின் பாடகராகி உலகப் புகழ் பெற்றார். காலை நேரம் சார்லஸ் லாக்விடாராவின் ராஜ்யம். ஊர் வம்பு, வியட்நாம் போர் எதிர்ப்பு, நையாண்டி எல்லாம் அதில் உண்டு. எந்தச் சந்தேகமானாலும் நேயர் போன் போட்டுக் கேட்கலாம். பதில் சொல்ல ஆள் இருந்தது. 1973-ல் நிலையம் புருடென்ஷியல் கோபுரத்தின் 50-வது மாடிக்குக் குடி போனது. அயர்லாந்தின் யு2 குழுவை அமெரிக்காவில் முதலில் தூக்கி விட்ட நிலையங்களில் இதுவும் ஒன்று.

19 பேருக்குக் கல்தா!

1979 பிப்ரவரியில் நிலையம் கை மாறியது. புது முதலாளிகள் உள்ளே நுழைந்த கையோடு 19 பேர் சீட்டைக் கிழித்தார்கள். சங்கத்தையும் ஏற்க மறுத்தார்கள்.

ஊழியர்கள் சும்மா இருப்பார்களா? வேலை நிறுத்தம்! அறிவிப்பாளர்களும் அலுவலகப் பணியாளர்களும் ஒன்றாக வெளியே வந்தார்கள். முதலாளிகள் வெளி ஆட்களை வைத்து ஒலிபரப்பை ஓட்டிப் பார்த்தார்கள். பாட்டு என்னவோ ஓடியது. ஆனால் ஊர் ஒப்பவில்லை. நேயர்கள் ஊழியர் பக்கம் நின்றார்கள். கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். இசைக் குழுக்கள் கச்சேரி நடத்திப் போராட்டத்துக்குப் பணம் திரட்டின.

ஏறக்குறைய மூன்று வாரம்தான். முதலாளிகள் இறங்கி வந்தார்கள். நீக்கப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள்.

ரேடியோ உலகில் இப்படி ஒரு வெற்றி அபூர்வம். இது எப்படிச் சாத்தியமானது? நேயர்களின் பாசம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை. அப்போது இருந்த சட்டப்படி, ஒரு ஊரில் ஒரு முதலாளிக்கு ஒரே ஒரு எப்.எம். நிலையம்தான்! நாடு முழுவதற்கும் சேர்த்து ஏழே ஏழு. பாஸ்டனில் அவர்கள் கையில் இருந்த எப்.எம். அது ஒன்றுதான். அது சாய்ந்தால் ஊரை விட்டே நடையைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே பயந்தார்கள்.

1992-ல் அந்தக் கட்டுத் தளர்ந்தது. 1996-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. நாடு தழுவிய உச்சவரம்பு போயே போச்சு. பெரிய நகரத்தில் ஒரே கம்பெனி எட்டு நிலையங்கள் வரை வைத்துக் கொள்ளலாம். பணம் படைத்தவர்கள் நிலையங்களை அள்ளிக் குவித்தார்கள்.

அதே 1996-ல் பி.சி.என். காலை நேரத்தில் லாக்விடாரா இல்லை. அவரை 100.7-க்கு, பழைய ராக் பாட்டுப் போடும் டபிள்யூ.இசட்.எல்.எக்ஸ்.சுக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் ஹோவர்ட் ஸ்டெர்ன். நியூயார்க்கில் உட்கார்ந்து பேசுவார். பல ஊர்களில் கேட்கும். பாஸ்டன்காரன் காலையில் எழுந்தால் நியூயார்க் வம்பு! ஞாயிறானால் பேட்ரியட்ஸ் அணியின் ஆட்ட வர்ணனை. 2005 கடைசியில் ஸ்டெர்ன் செயற்கைக்கோள் ரேடியோவுக்குப் பறந்து விட்டார். அவருக்குப் பதில் பாடகர் டேவிட் லீ ராத்தைப் பேச விட்டார்கள். நாலு மாதம் கூடத் தாங்கவில்லை.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

2009-ல் பாஸ்டனில் சி.பி.எஸ். கம்பெனியிடம் ஐந்து நிலையங்கள் இருந்தன. பி.சி.என்.னும் அதில் ஒன்று, இசட்.எல்.எக்ஸ்.சும் அதில் ஒன்று. பிறகு போட்டி எங்கிருந்து வரும்? ஆகஸ்டு மாதம் பி.சி.என்.னுக்கு மூடுவிழா நடந்தது. 98.5-ல் இருந்த இன்னொரு பாட்டு நிலையத்தை 104.1-க்குத் தள்ளி விட்டு, 98.5-ல் விளையாட்டுப் பேச்சு நிலையம் திறந்தார்கள்.

அந்த விளையாட்டு நிலையம் என்ன ஆயிற்று தெரியுமா? ஓகோ என்று ஓடியது! ஜனங்கள் ரேடியோவை விட்டு ஓடி விட்டார்கள் என்றால், அதைக் கேட்டது யார்? பேயா?

புதுப் பாட்டு கேட்கிற இளவட்டங்கள் செல்போனுக்குப் போனது நிஜம்தான். ஆனால் அவர்களைப் பிடித்து வைக்க வேண்டிய காலத்தில் புதுப் பாட்டைக் குறைத்து வம்புப் பேச்சைப் போட்டது யார்? 1979-ல் கடைக்காரர்கள் செய்ததை 2009-ல் செய்திருந்தாலும் பலித்திருக்காது. ஒரு பையில் ஓட்டை விழுந்தால் மிச்சம் நாலு பை இருக்கிறதே!

மற்றவர்கள் கதையும் கேட்க நன்றாக இல்லை. 101.7-ல் டபிள்யூ.எப்.என்.எக்ஸ். 1983-ல் தொடங்கியது. புதுக் குழுக்களுக்குக் கதவைத் திறந்து வைத்த நிலையம். உள்ளூர் வாரப் பத்திரிகை முதலாளியின் சொத்து. 2012-ல் அதை ராட்சதக் கம்பெனியான கிளியர் சேனல் வாங்கியது. பழைய பாட்டு முறை அத்தோடு போயிற்று. 107.3-ல் இரைச்சல் ராக் போட்டுக் கொண்டிருந்த டபிள்யூ.ஏ.ஏ.எப். 2020-ல் கிறிஸ்தவ இசை நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இசட்.எல்.எக்ஸ். மட்டும் பழைய பாட்டைப் போட்டுக் காலம் தள்ளுகிறது. அதுவும் 2017-ல், அதே கிளியர் சேனல் பெயர் மாற்றிக் கொண்ட ஐஹார்ட் கம்பெனிக்குப் போய் விட்டது.

ஊருக்கு எட்டு என்ற வரம்பையும் தளர்த்த வேண்டும் என்று ரேடியோ முதலாளிகள் அமெரிக்க அரசிடம் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

எட்டு போதாதாம்!