இரவைக் கடத்தல்

பிள்ளைகள் கணினி விளையாட்டினாற் கெட்டுப்போகின்றார்கள் என்ற முறைப்பாடு, ஆசிரியர்கள் கூடும் இடமெல்லாம் கேட்கின்றது. பல்லாண்டு வகுப்பறையில் நின்ற நானும் அம்முறைப்பாட்டைச் செய்தவனே. சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில், கல்கிசையில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்த சிறு நிகழ்ச்சி என் எண்ணத்தைச் சற்றே அசைத்துவிட்டது.

பத்து வயதுப் பேரன் ‘மைன்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டில் மூழ்கியிருந்தான். சுவீடன் நாட்டில் உருவாகி 2011இல் முழுமையாக வெளிவந்த இவ்விளையாட்டு, 2023ஆம் ஆண்டளவில் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாகிவிட்டது. “ஏன் தம்பி, இவ்வளவு அவசரம்?” என்றேன். திரும்பிப் பாராமலே, “இருண்டால் வந்திடுவினம், அப்பப்பா” என்றான்.

அவ்வுலகில் ஒரு நாள் என்பது நமக்கு 20 நிமிடம். பகல் 10 நிமிடம். இரவு ஏறக்குறைய 7 நிமிடம். எஞ்சியது அந்தியும் விடியலும். இருள் சூழ்ந்ததும் நடைப்பிணங்களும் வில்லேந்திய எலும்புக்கூடுகளும் தோன்றும். ஆதலின், பகலிலேயே மரந் தறித்து, கல் உடைத்து, குடில் அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டுக் கரியும் ஒரு கோலும் சேர்ந்தால் நான்கு தீப்பந்தங்கள் கிடைக்கும். பகலை வீணாக்கியவனுக்கு இரவில் மன்னிப்பு இல்லை. இந்தப் பாடத்தை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியும் புகட்ட முடிந்ததில்லை.

இரவு இங்கே வெறும் பின்னணியன்று. அதுவும் ஒரு பாத்திரம். இது நமக்குப் புதிதா? யாமத்தைக் குறிஞ்சிக்குரிய சிறுபொழுதாக வகுத்த மரபு நம்முடையது. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் வேந்தன் நள்ளிரவிலும் உறங்காது, பாசறையிலே புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதலளித்து நடக்கின்றான். இரவைக் கடத்தல் என்பது அங்கே பிறரையுஞ் சேர்த்துக் கடத்தலாகும்.

பேரன் சொன்ன ‘வந்திடுவினம்’ என்ற சொல் என்னை வேறோர் இரவுக்கு இழுத்துச் சென்றது. 1983 ஜூலை 24 இரவு பொரளையில் மூண்ட வன்செயல், மறுநாள் வெள்ளவத்தை, தெகிவளை எனப் பரவியது. வெள்ளவத்தையில் வாடகை வீட்டிலிருந்த எங்களிடம் என் தாயார் அன்று சொன்னதும் இதே சொல்தான். விளக்கேற்றவும் அஞ்சினோம்; வெளிச்சமே ஆளைக் காட்டிக்கொடுக்கும் இரவு அது. அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையார் பின்கதவைத் திறந்து எங்களை உள்ளே அழைத்தார். இரண்டு இரவுகள் தம் வாசலில் தாமே காவலிருந்தார். அதன் பின்னரே இரத்மலானை அகதி முகாமுக்குச் சென்றோம். நாங்கள் பிழைத்தது எங்கள் கெட்டித்தனத்தால் அன்று. ஒரு கதவு திறந்தமையால்.

விளையாட்டோடு எனக்குள்ள வழக்கு இதுதான். தனியே ஆடும் பிள்ளை, தன் கதவை அடைத்துக்கொள்ளும் கலையையே கற்கின்றான். மாண்டால் மறுகணமே எழுந்தும்விடுகின்றான். 1983இல் மாண்டவர் எவரும் எழவில்லை.

இதை அவனிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “பலபேர் சேர்ந்து விளையாடேக்கை, எல்லாரும் படுத்தால்தான் கெதியாய் விடியும், அப்பப்பா. ஒராள் முழிச்சிருந்தாலும் காத்திருக்கத்தான் வேணும்” என்றான். அவ்விளையாட்டின் வழக்கமான விதி அதுவாம். நான் வாயடைத்துப்போனேன்.

ஆசிரிய அன்பர்களுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே: விளையாட்டைப் பறிக்க வேண்டாம். பக்கத்தில் அமர்ந்து, என்ன நடக்கின்றதென்று கேளுங்கள். பின்னர் நீங்கள் கடந்த இரவுகளைச் சொல்லுங்கள். பிள்ளைகள் கற்பனை இரவுகளில் மூழ்குகின்றார்கள் என்று குறைப்படும் நாம், மெய்யான இரவுகளை அவர்களுக்குச் சொல்லாமலே மறைத்துவிட்டோம். அச்சத்தால் மறைத்தோமா, வெட்கத்தால் மறைத்தோமா, நானறியேன்.

அன்றிரவு பேரனுக்கு அந்த அம்மையாரின் கதையை முழுவதுஞ் சொன்னேன். பத்து வயது வரை அவன் அதைக் கேட்டிராதது அவன் குற்றமன்று.