ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு கொசுப் பண்ணை

ஐப்பசி மழை தொடங்கியதும் தெருவெல்லாம் புகை மருந்து அடிக்கச் சொல்லிக் குரல் எழுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ சாக்கடையைத் தேடிப் போவதில்லை. ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டில் தேங்கும் தண்ணீரும், மொட்டைமாடியில் கிடக்கும் கொட்டாங்கச்சியுமே அதற்குப் போதும். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே, வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்து, உள்விளிம்பைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பதே உண்மையான கொசு ஒழிப்பு. ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

டெங்குக் காய்ச்சல் விட்டதும் பலர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆபத்தே அப்போதுதான். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தக்கசிவு தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.