"நாலு ஸ்க்ரூதானே" என்று சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் கோபமாக இருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என் அப்பாவின் 1972 மாடல் அசோக் லேலண்ட் காமெட் லாரியை என் தம்பி மகன் "பழையபடி" ஆக்கிக்கொண்டிருக்கிறான். அந்த லாரி வாடகையில்தான் நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தேன். போன வாரம் பட்டறைக்குப் போனேன். வெளியே பெயிண்ட் பளபளக்கிறது. கேபின் கதவைத் திறந்தால், கூரை ஷீட்டுக்கு அடிக்கும் செல்ஃப் ஸ்க்ரூவை டிரில்லில் மாட்டி உள்பலகையில் வரிசையாக இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தச் சொன்னேன்.

"நாலு ஸ்க்ரூதானே அத்தை, யாரு பாக்கப்போறாங்க?" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

அந்தக் காலத்தில் லாரி கம்பெனியிலிருந்து பெரும்பாலும் சேசிஸாகத்தான் வரும். கேபினை நம்மூர்ப் பட்டறை ஆசாரிகள் மரச்சட்டம் போட்டு, தகரம் அடித்துக் கட்டுவார்கள். அதனால் எங்கள் வண்டிக்குள் இரண்டு கணக்கு இருக்கிறது. மரத்தில் இறங்குவது பித்தளை ஸ்க்ரூ, தலைக்குக் கீழே கிண்ண வாஷர். இரும்புப் பகுதியில் இறங்குவது அங்குலக் கணக்கு போல்ட்.

நானே அளந்து பார்த்தேன். கால் அங்குல போல்ட், அதாவது 6.35 மி.மீ. தடிமன், ஒரு அங்குலத்துக்கு 28 புரி. இன்று கடையில் கேட்டால் கொடுப்பது 6 மி.மீ. போல்ட். அதில் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 25 புரிதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கையால் திருகினால் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அப்போது ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஐம்பது வருஷ மரை ஒரே நிமிஷத்தில் காலி. "மரை கழண்டுபோச்சா?" என்று நாம் திட்டுவோமே, அது முறுக்கியவருக்குத்தான் பொருந்தும்.

மரத்திலும் இதே கதைதான். காய்ந்த பழைய சட்டத்தில் செல்ஃப் ஸ்க்ரூ ஓரமாக இறங்கினால் பிளந்துவிடும். முதலில் சிறு துளை போட வேண்டும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி வழி பண்ண வேண்டும். பிறகு பித்தளை ஸ்க்ரூவில் சோப்பு தடவி, திருப்புளியால் கையில் திருக வேண்டும். அவசரப்பட்டால் பித்தளை தலை முறிந்துவிடும்.

"கிடைக்காது டீச்சர்" என்று சிலர் கமெண்ட் போடுவீர்கள். தேடினீர்களா? சென்னை புதுப்பேட்டையில் கேட்டீர்களா? கோயம்புத்தூரில் மாதிரியைக் காட்டினால் கடைந்து தர லேத் பட்டறையா இல்லை? பலருக்குக் கிடைக்காததற்குக் காரணம், அளக்காமல் "இந்த மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்பதுதான். ஒரு வெர்னியரும் ஒரு த்ரெட் கேஜும் இருந்தால் போதும். அளக்கத்தானே உங்களுக்கெல்லாம் ஸ்கேல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன்?

ஓடுகிற வண்டியில் நடு ராத்திரி கம்பி கட்டி ஓட்டுவது வேறு. அப்பாவும் கட்டியிருக்கிறார், அது பிழைப்பு. ஆனால் "பழையபடி" என்று போர்டு எழுதி மாட்டப்போகிறோம் என்றால் அது வாக்கு. வெளியே வாக்கைக் காப்பாற்றிவிட்டு, உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்பது காப்பியடிக்கிற பையன் சொல்லும் நியாயம்.

சீட்டு போல்ட்டில் அழகு மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறது. பழையதற்குச் சமமான பலமுள்ளதைத்தான் போட வேண்டும். மி.மீ. போல்ட் போடும் இடமென்றால் தலையில் 8.8 என்று குத்தியிருக்கிறதா பாருங்கள். எந்தக் குறியும் இல்லாததை நம்பி உட்காராதீர்கள்.

நான் போவதற்குள் டிரைவர் பக்கத்துப் பலகை ஓரத்தில் பிளந்துவிட்டது. அப்பாவின் முழங்கை தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பான பலகை அது. புதுப் பலகை வாங்கிவிடலாம். அந்த வழுவழுப்பை எந்தக் கடையில் வாங்குவது? மருமகன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் செல்ஃப் ஸ்க்ரூ அத்தனையையும் கழற்றிவிட்டு, "கேஜ் எங்கே கிடைக்கும் அத்தை?" என்று போன் செய்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிஸ்கட் டப்பா நிறைய நட்டும் போல்ட்டும் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள். இன்னும் பதினொரு பித்தளை ஸ்க்ரூ வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்