பாடப்பணி என்னும் இரண்டாம் வாசல்: நோயியல் ஆய்வுப் படிப்பில் சமூகநீதி எங்கே நிற்கிறது?

உயர்கல்வியில் இடஒதுக்கீடு குறித்த நம் விவாதங்கள் பெரும்பாலும் சேர்க்கையோடு நின்றுவிடுகின்றன. எத்தனை இடங்கள் நிரப்பப்பட்டன, எத்தனை இடங்கள் காலியாக விடப்பட்டன என்பதையே கணக்கிடுகிறோம். சேர்க்கைக்குப் பிறகு, ஆய்வின் தொடக்கத்திலேயே மாணவர் எதிர்கொள்ளும் மற்றொரு தேர்வு நம் கவனத்துக்கு வருவதில்லை. ஆய்வு மாணவர்கள் 'கோர்ஸ் ஒர்க்' என்று வழங்கும் பாடப்பணியே அது. அதில் தேறாதவர் முனைவர் பட்ட ஆய்வைத் தொடர முடியாது. சேர்க்கை வாசலில் சமூகநீதிக்குச் சட்டம் உண்டு. இந்த இரண்டாம் வாசலில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை.

பாடப்பணியே கூடாது என்பது நம் வாதமன்று. முறையாக நடத்தப்பட்டால், சமமற்ற பள்ளிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் வந்தவர்களை ஒரே தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுவரக்கூடிய வாய்ப்பு அது. கற்பிப்பதற்கென வகுக்கப்பட்ட ஒன்று கழித்துக்கட்டுவதற்கான கருவியாகும்போதுதான் நாம் கேள்வி எழுப்ப வேண்டியுள்ளது. மருத்துவ அறிவியலின் அடித்தளத் துறைகளுள் ஒன்றான நோயியலை எடுத்துக்கொண்டால் இச்சிக்கல் தெளிவாகத் தெரியும்.

விதி என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு, 2009ஆம் ஆண்டு விதிமுறைகளின் வழியே முனைவர் பட்ட ஆய்வுக்குப் பாடப்பணியைக் கட்டாயமாக்கியது. 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் அதன் அளவை 8 முதல் 16 கிரெடிட் என்று வரையறுத்தன. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி குறைந்தது 12 கிரெடிட் பெற வேண்டும். ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை குறித்த பாடமும் இதில் அடங்கும். 2019இல் அறிவிக்கப்பட்ட அப்பாடம் 2 கிரெடிட்டும் 30 மணி நேரமும் கொண்டது. ஆய்வு முறையியல், புள்ளியியல், துறைசார் பாடங்கள் ஆகிய எஞ்சியவற்றின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகமும் துறையுமே முடிவு செய்கின்றன. எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனம் போன்றவை தனிச் சட்டங்களின்கீழ் இயங்குவதால் தமக்கான விதிகளைத் தாமே வகுத்துக்கொள்கின்றன.

மானியக் குழுவின் விதிமுறைகளுக்குள் ஒரு முரண் இருக்கிறது. முனைவர் பட்டத்தில் சேர முதுகலையில் 55 விழுக்காடு தேவை. பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஆனால் பாடப்பணியில் அனைவரும் 55 விழுக்காடு பெற்றே ஆக வேண்டும். அவ்விடத்தில் தளர்வு பற்றிய பேச்சே இல்லை. 50 விழுக்காட்டோடு உள்ளே வரலாம் என்று ஒரு பிரிவு சொல்கிறது. 55 பெறாவிட்டால் தொடர முடியாது என்று மற்றொரு பிரிவு சொல்கிறது. தோற்றவருக்கு எத்தனை மறுவாய்ப்புகள், மறுதேர்வு எத்தனை நாளுக்குள், அதுவரை உதவித்தொகை தொடருமா என்பனவற்றையெல்லாம் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். விதி எழுதப்படாத இடத்தில் வழக்கம் ஆட்சி செய்யும். நம் கல்வி நிறுவனங்களின் வழக்கம் எத்தகையது என்பதை நாம் அறிவோம்.

இது மாற்றவே முடியாத விதியன்று. 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் நுழைவுத் தேர்வில் அனைவருக்கும் 50 விழுக்காட்டைத் தகுதி வரம்பாக்கி, இறுதித் தெரிவை நேர்காணலிடம் ஒப்படைத்திருந்தன. நாடெங்கும் மாணவர்கள் போராடினர். 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு தந்தது. எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று பங்கிட்டது. முதல் வாசலில் போராடிப் பெற்ற அந்த நியாயம் இரண்டாம் வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நுண்ணோக்கியின் முன் யார் அமர்கிறார்கள்?

நோயியல் என்பது உடலின் திசுக்களில் நோயைப் படிக்கும் அறிவியல். நோயாளியிடமிருந்து எடுக்கப்படும் திசுத்துண்டு ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு, பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு, சில மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு, சாயமேற்றப்பட்டுக் கண்ணாடி ஸ்லைடாக நுண்ணோக்கியின் கீழ் வருகிறது. அது புற்றுநோயா, காசநோயா, வெறும் அழற்சியா என்பதைப் பயின்ற கண் சொல்கிறது.

இத்துறையின் ஆய்வுப் படிப்புக்கு இருவகைப்பட்டோர் வருகின்றனர். எம்.பி.பி.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.டி. பயின்ற மருத்துவர்கள் ஒருவகை. உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் போன்றவற்றில் முதுகலை அறிவியல் பயின்றவர்கள் மற்றொரு வகை. மருத்துவர் ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளைப் பார்த்திருப்பார். புள்ளியியலும் மூலக்கூறு ஆய்வக நுட்பங்களும் அவருக்குப் புதிதாக இருக்கலாம். அறிவியல் பட்டதாரி டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கப் பழகியிருப்பார். திசுவின் இயல்பான தோற்றத்தையும் திரிந்த தோற்றத்தையும் வேறுபடுத்தி அறிய அவருக்குப் பயிற்சி இருந்திராது. இவ்விருவரின் குறைகளையும் நிறைப்பதே நோயியலில் பாடப்பணியின் உண்மையான வேலை.

ஸ்லைடைப் படிப்பதைப் புத்தகத்திலிருந்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. பல கண்ணருகு வில்லைகள் கொண்ட பயிற்று நுண்ணோக்கியில் ஆசிரியர் ஸ்லைடை நகர்த்த, உடன் அமர்ந்திருப்பவர்கள் அவர் காண்பதையே காண்கிறார்கள். "இந்த உட்கருவைப் பாருங்கள், அந்த எல்லை உடைந்திருக்கிறது" என்று அவர் சொல்லச் சொல்லக் கண் பழகுகிறது. அந்த மேசையைச் சுற்றி இருக்கைகள் சிலவே. யாரை அழைத்து அமர்த்துவது, யாருடைய ஐயத்துக்கு நின்று விடை சொல்வது என்பதை எந்த விதியும் சொல்வதில்லை. ஆசிரியரின் நேரமே இங்குப் பாடநூல். அந்த நேரம் சாதிவாரியாகப் பங்கிடப்பட்டால், பிறகு எழுதப்படும் தேர்வு எவ்வளவு பொதுவானதாக இருந்தாலும் அதன் முடிவு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

எண்ணிக்கையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஒரு துறை ஆண்டுக்கு 2 ஆய்வு இடங்களையே அறிவித்தால், 15 விழுக்காடு என்பது 0.3 இடம். பல ஆண்டுகளின் இடங்களைத் தொகுத்துச் சுழற்சி முறையில் ஒதுக்காவிட்டால் அது எப்போதும் சுழியமே. இவற்றைக் கடந்து உள்ளே வரும் தலித் மாணவர் அத்துறையில் பெரும்பாலும் தனியாள். அவருக்குக் குறிப்புகள் தர மூத்த மாணவரும் இல்லை, பக்கத்தில் அமர ஒரு தோழரும் இல்லை.

ஆவணங்கள் சொல்லும் உண்மை

இவை ஊகங்களல்ல. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நிலவிய பாகுபாட்டை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை அளித்தது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்றனர். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் மதிப்பீடு நியாயமாக இல்லை என்றவர்கள் 84 விழுக்காட்டினர். விடைத்தாளைக் காட்டிலும் முகத்தைப் பார்த்து மதிப்பெண் இடும் தேர்வுகளே இவ்விரண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். நோயியல் பாடப்பணியிலும் ஸ்லைடு காட்டிக் கேட்பது, கருத்தரங்க உரைக்கு மதிப்பெண் இடுவது போன்ற நேருக்குநேர் மதிப்பீடுகளுக்கு இடம் அதிகம்.

தில்லி வர்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் உடலியங்கியல் பாடத்தில் திரும்பத் திரும்பத் தோல்வியுற்றனர். இதை விசாரித்த பாலச்சந்திர முங்கேகர் குழு, 2012இல் அளித்த அறிக்கையில் சாதியப் பாகுபாடு நிகழ்ந்ததை உறுதிப்படுத்தியது. மாணவர்களின் 'திறமைக்குறைவு' என்று விளக்கப்பட்டதன் பின்னே ஒரு துறையின் நடத்தை இருந்தது.

பாடப்பணியோடு நேரடித் தொடர்புடையது, தமிழ்நாட்டு மாணவர் ஒருவரின் மரணம். சேலம் பகுதியைச் சேர்ந்த செந்தில்குமார், பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட பன்னியாண்டி சமூகத்தில் பிறந்து, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவர். பாடப்பணித் தாள் ஒன்றில் தேறாத நிலையில் அவருடைய உதவித்தொகை நின்றது. அவருக்கு நெறியாளரும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. 2008 பிப்ரவரியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வினோத் பாவராலா தலைமையிலான குழு, பாடப்பணி தொடர்பான நடைமுறைகள் தெளிவின்றியும் சீரின்றியும் இருந்ததையும், அதன் சுமை ஒதுக்கீட்டுப் பிரிவு மாணவர்கள் மீதே விழுந்ததையும் பதிவு செய்தது. ஒரு தாளில் தோற்பது எந்த மாணவருக்கும் நேரக்கூடியதே. வீட்டிலிருந்து பணம் வரும் மாணவருக்கு அது ஓர் அரையாண்டுத் தாமதம். உதவித்தொகையிலிருந்தே வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவருக்கு அது வேறொன்று.

நெறிமுறைப் பாடத்தில் இல்லாதது

பாடப்பணியின் உள்ளடக்கமும் நம் கேள்விக்கு உரியது. கட்டாயமான நெறிமுறைப் பாடம் கருத்துத் திருட்டு, போலித் தரவு, போலி ஆய்விதழ்கள் குறித்துக் கற்பிக்கிறது. இவை தேவையானவையே. ஆனால் நோயியல் ஆய்வாளர் கையாளும் திசு யாருடைய உடலிலிருந்து வந்தது என்ற வினா அதனளவு முக்கியமானது. அரசு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் சேரும் திசுக்கள் பெரிதும் உழைக்கும் ஏழை மக்களுடையவை. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்தவருக்கு, தம் திசு எதற்குப் பயன்படும் என்று அவர் மொழியில் எடுத்துச் சொல்லப்பட்டதா? தென்னிந்தியாவில் அரிவாள் உயிரணு நோய்க்கூறு முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. அவர்கள் இரத்தம் அறிவியலுக்குள் சென்று எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தச் சமூகங்களிலிருந்து நோயியல் பேராசிரியர்கள் எத்தனை பேர் உருவாகியிருக்கிறார்கள்?

பிணவறைகளில் உடலைத் திறப்பதும், உறுப்புகளை எடுத்துத் தருவதும், மீண்டும் தைப்பதும் நாட்டின் பல இடங்களில் தலித் தொழிலாளர்களின் கைகளாலேயே நடக்கின்றன. கீழ்த்தளத்தில் அந்தக் கைகள் தீட்டாகவும், மேல்தளத்தில் அதே உறுப்பு அறிவாகவும் கருதப்படுகின்றன. இந்தப் பிரிவினையைப் பேசாத நெறிமுறைப் பாடம் முழுமையானதாகாது.

தரம் என்னும் வாதம்

இக்கோரிக்கைகளை முன்வைக்கும்போதெல்லாம் 'தரம் குறைந்துவிடும், நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது' என்ற மறுப்பு எழும். நோயாளியின் உயிர் நமக்கும் முக்கியம். தவறான அறிக்கையால் முதலில் பாதிக்கப்படுவது வேறு மருத்துவமனைக்குச் செல்ல வழியற்ற நம் மக்களே. கற்காதவரைத் தேர்ச்சி பெறச் செய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அனைவருக்கும் கற்பியுங்கள், அளப்பதை நேர்மையாக அளவுங்கள் என்கிறோம். மறைக்கப்பட்ட பாடத்திட்டமும் பெயர் பார்த்து இடும் மதிப்பெண்ணும் எந்தத் தரத்தையும் காப்பதில்லை.

பாடப்பணி விடுதலைக்கும் உதவக்கூடும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கர், பொருளியலில் 29 பாடங்களையும், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4 பாடங்களையும் பயின்றார். பரோடாவின் உதவித்தொகை தடையின்றி வந்தது. வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. அவர் துறை கடந்து பயின்ற அப்பாடங்களின் வலிமையை அவருடைய பிற்கால எழுத்துகளில் காணலாம். பாடங்கள் மிகுதியாக இருப்பது நம் மாணவருக்குத் தடையன்று.

செய்ய வேண்டியவை

1. சேர்க்கையில் உள்ள 5 விழுக்காடு தளர்வைப் பாடப்பணித் தேர்ச்சிக்கும் நீட்டித்து மானியக் குழு விதிமுறைகளைத் திருத்த வேண்டும். தனிச் சட்ட நிறுவனங்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.

2. பாடத்திட்டம், மதிப்பெண் பகிர்வு, மறுதேர்வு வாய்ப்புகள், அவற்றுக்கான காலவரம்பு ஆகியவற்றை முதல் வாரத்திலேயே எழுத்தில் வழங்க வேண்டும். மறுதேர்வு முடியும்வரை உதவித்தொகையை நிறுத்தக் கூடாது.

3. விடைத்தாள்களில் பெயருக்குப் பதில் குறியீட்டெண் இருக்க வேண்டும். செய்முறைத் தேர்வில் அனைவருக்கும் அதே ஸ்லைடுகள், அதே நேரம், முன்பே வகுத்த விடைக்குறிப்பு என்ற முறை வேண்டும். இளநிலை மருத்துவப் படிப்பில் பழக்கமான இம்முறையை ஆய்வுப் படிப்புக்குக் கொண்டுவருவது கடினமன்று.

4. அறிவியல் பட்டதாரிகளுக்கு ஸ்லைடு வாசிப்பிலும், மருத்துவர்களுக்குப் புள்ளியியலிலும் மதிப்பெண் இல்லாத இணைப்பு வகுப்புகள் நடத்த வேண்டும். ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து கணினியில் வைத்தால், ஆசிரியரின் அழைப்புக்குக் காத்திராமல் எவரும் விடுதியிலிருந்தே பயிலலாம்.

5. பாடப்பணியில் சேர்ந்தோர், தேறியோர், இடைநின்றோர் எண்ணிக்கையைத் துறைவாரியாகவும் சமூகப் பிரிவுவாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

ஆய்வுப் படிப்பில் சேரவிருக்கும் தோழர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். சேர்ந்த நாளிலேயே பாடப்பணி விதிகளின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்படுவதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள் கோரிய சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் உங்கள் நிறுவனத்தில் உள்ளனவா என்று விசாரியுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தின் பாடப்பணி முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரிவுவாரியாகக் கேட்கலாம். மாணவர் அமைப்புகள் ஒவ்வொரு துறைக்கும் இவ்வினாவை அனுப்பட்டும். எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று கேட்கும் நாம், ஓராண்டு கழித்து எத்தனை பேர் எஞ்சினார்கள் என்றும் கேட்கத் தொடங்க வேண்டும்.