அரிவாளுக்கு மரப்பிடியா, ரப்பர் பிடியா?

‘‘ஒன்றரை ஏக்கரில் சம்பா சாகுபடி செய்கிறோம். அறுவடை மெஷின் இறங்க முடியாத சேற்றுப் பகுதியையும், விதைநெல்லுக்கு ஒதுக்கிய இடத்தையும் கையால்தான் அறுக்கிறோம். போன அறுப்பில் அரிவாள் கையில் திரும்பி, இடது சுண்டுவிரலில் வெட்டு விழுந்துவிட்டது. புது அரிவாள் வாங்கப் போனால், கடையில் மரப்பிடியும் இருக்கிறது, ரப்பர் பிடியும் இருக்கிறது. எதை வாங்குவது?’’

- வாசகி, ஒரத்தநாடு.

கடையில் காய்ந்த கையால் பிடித்துப் பார்த்தால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம், சேறும் வியர்வையும் பட்ட பிறகுதான் தெரியும். மரம் வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் கிடந்தாலும் ரப்பர் அளவுக்குச் சூடேறாது. வரி போட்ட ரப்பர், ஈரக்கைக்கு நல்ல பிடிமானம் தரும். ஆனால், அந்த வரிகளில் சேறு அடைத்துக்கொண்டால் வழவழப்பாகிவிடும். அவ்வப்போது கழுவ வேண்டும்.

அரிவாள் கையில் திரும்புவதற்குப் பிடியின் வடிவமும் முக்கியக் காரணம். உருண்டையான பிடி எளிதில் சுழலும். முட்டை வடிவில் லேசாகத் தட்டையாக இருந்தால் சுழலாது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் வடிவமைத்த ‘நவீன்’ அரிவாளுக்கு மரப்பிடிதான். பிடியின் பின்பக்கத்தில் ஒரு வளைவு வைத்திருக்கிறார்கள். கை நழுவாமல் இருக்கவும், அறுக்கும்போது காயம் படாமல் இருக்கவும்தான் அந்த வளைவு.

அடுத்து, பருமன். பிடியைச் சுற்றிப் பிடிக்கும்போது கட்டைவிரல் நுனி, ஆள்காட்டி விரலைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அந்தப் பிடி உங்கள் கைக்குப் பெரிது. சீக்கிரம் கை வலிக்கும். பெண்கள் பயன்படுத்தும் அரிவாளில், இருக்கிற மரப்பிடி மேலேயே சைக்கிள் டியூப்பைச் சுற்றுவது இதனால்தான் சரிப்படுவதில்லை. உள்ளே ஈரம் தங்கி, மரம் மக்குவதும் இரும்பு துருப்பிடிப்பதும் வெளியே தெரியாது. ஒருநாள் அலகு தனியே கழன்று வரும்.

ஆக, கதிர் அறுக்கும் அரிவாளுக்கு முட்டை வடிவ மரப்பிடி போதும். உள்ளங்கை அதிகம் வியர்ப்பவர்கள் வரி போட்ட ரப்பர் பிடி வாங்கலாம். எதுவானாலும், பிடியும் அலகும் சேரும் இடத்தில் பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மண்வெட்டிக்கு மரக்காம்புதான். ஓங்கி வெட்டும்போது ஒரு கை காம்பில் வழுக்கி நகர வேண்டும். ரப்பர் சுற்றினால் கை நகராமல் தோல் உரசி, கொப்புளம் வரும். கருவேலம், புளி, பூவரசு காம்புகள் நன்றாக உழைக்கும். வைரம் பாய்ந்த பகுதியாக, ரேகை நேராக ஓடும் துண்டாகப் பார்த்து, நிழலில் நன்கு உலர்த்திய பிறகே பொருத்த வேண்டும். ஆடும் காம்பைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது அன்றைக்கு மட்டும்தான் உதவும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். ஆப்பு அடிப்பதே சரி. வார்னிஷ் பூசினால் வழுக்கும். ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துக் காயவிட்டால் போதும்.

பவர் டில்லர், புல்வெட்டும் இயந்திரம் போன்றவற்றுக்கு ரப்பர் பிடி அவசியம். இன்ஜின் அதிர்வு நேராகக் கைக்கு ஏறினால் நாளடைவில் விரல்கள் மரத்துப்போகும். டீசலும் ஆயிலும் பட்டால் ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கும். அப்படியானால் உடனே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். வயலில் கொப்புளமோ வெட்டோ பட்டால் சாதாரணமாக விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். சோப்பு போட்டு, ஓடும் நீரில் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வயல் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

‘‘தேங்காய் பறிக்கும் இரும்புத் துறட்டியில் ரப்பர் பிடி போட்டால் ஷாக் அடிக்காதா?’’

- வாசகர், பாப்பாநாடு.

அதை நம்பிவிடாதீர்கள். அந்த ரப்பர் பிடிமானத்துக்காகப் போடுவது. மின்சாரத்தைத் தடுக்கும் என்று சோதித்துத் தயாரிப்பதில்லை. வெடிப்பு விட்டிருந்தாலோ நனைந்திருந்தாலோ, உயிருக்கே ஆபத்து. ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி அருகே உள்ள மரத்தில் எந்தத் துறட்டியையும் தூக்க வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லி, லைனை நிறுத்திய பிறகே பறியுங்கள்.