ஐயத்தின் பலன் யாருக்கு?

மாணவர் ரோபோப் போட்டிகளின் விதிநூல்களைப் புரட்டுவோர் அங்கே பொறியியலைக் காட்டிலும் அரசியலையே அதிகம் கற்றுக்கொள்ளலாம். விதி தெளிவற்றிருந்தால் என் செய்வது? இக்கேள்விக்கு இரு பெரும் போட்டிகள் இரு விடைகள் தந்துள்ளன. 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் லெகோ லீக், உறுதியான வாசகம் எதையும் எவரும் காட்ட இயலாத இடத்தில் ஐயத்தின் பலனை மாணவருக்கே வழங்கிற்று. 2004இல் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாடோ, 2010களில் வெளியிட்ட விதிகளில், ஐயம் எழுந்தால் நடுவர் மிக மோசமான முடிவின் பக்கமே சாயவேண்டும் என்று எழுதிவைத்தது.

தெளிவின்றி எழுதியவர் ஒருவர். தண்டனை பெறுபவர் மற்றொருவர்! ஒப்பந்தச் சட்டத்தில்கூட, இருபொருள்படும் வாசகத்தை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்ற பழைய நெறி உண்டு. வணிகனுக்குக் கிட்டும் நீதி பள்ளிப் பிள்ளைக்கு ஏன் கிட்டலாகாது?

"எல்லோருக்கும் ஒரே விதிதானே? ஐயமும் எல்லோருக்கும் பொதுதானே?" என்பர் சிலர். இவ்வாதத்தை நம்புவோர் கொத்மலைக்கு வரட்டும். தெளிவற்ற விதி யாதென்பதை இங்குள்ள தோட்டப் பிள்ளைகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். சாக்குக்கு எவ்வளவு கழிப்பது? மழையில் நனைந்த கொழுந்தின் ஈரத்துக்கு எவ்வளவு? முற்றிய இலை எது? இவை எழுத்தில் இல்லாத இடத்தில் தராசைப் பிடிப்பவரின் சொல்லே விதியாகிறது. அங்கே ஐயத்தின் பலன் கொழுந்தெடுத்த பெண்ணுக்குக் கிட்டியது எத்தனை நாள்?

அதே தராசுதான் போட்டி மண்டபத்திலும் நிற்கிறது. ரோபோ தொடக்கக் கட்டத்துக்குள் இருக்கவேண்டும் என்று மட்டும் ஒரு விதி சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதன் வடம் கோட்டுக்கு வெளியே தொங்கினால்? நகரத்து அணிக்குச் சம்பளம் பெறும் பயிற்றுநர் இருக்கிறார்; சென்ற ஆண்டு நடுவர் என்ன சொன்னார் என்பதை அவர் அறிவார்; ஐயமிருந்தால் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதுவார். தோட்டப் பாடசாலை ஆசிரியரோ இரவில் அகராதியோடு அமர்ந்து அதே நூலைப் படிக்கிறார். அந்த வரியின் பொருள் அவருடைய மாணவருக்குப் போட்டி மேசையருகே, புள்ளி பறிபோகும்போதுதான் தெரியவரும்.

பறிபோவது புள்ளி மட்டுமன்று. ஒலிம்பியாடின் அக்காலத்து விதிகள், வழமையான பிரிவில் லெகோவின் கட்டுப்பாட்டுக் கருவிகளையே கட்டாயமாக்கின. 2013இல் மைண்ட்ஸ்டோர்ம்ஸ் ஈவி3 பெட்டியின் அமெரிக்க விலை 350 டாலர். அவ்வாண்டு கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாய். அன்றைய நாணய மாற்றில் ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய நூறு நாட்சம்பளம்! (2022 முடிவில் நிறுவனம் அந்த வரிசை முழுவதையும் நிறுத்திவிட்டது என்பது வேறு கதை.)

"பொறியியலாளன் நிச்சயமின்மைக்குப் பழகவேண்டாமா?" என்று இன்னொரு சாரார் வினவுவர். நன்றாகப் பழகட்டும். மண்டபத்து வெளிச்சம் மாறும், உணரி தடுமாறும், சக்கரம் வழுக்கும். இவை இயற்கையின் சோதனைகள். போட்டி நாள் காலையில் திடீர் விதி ஒன்றை அறிவிக்கும் ஒலிம்பியாட் வழக்கத்தையும் நாம் எதிர்க்கவில்லை. அது எல்லா அணிகளுக்கும் ஒரே வேளையில் தெரிகிறது. எழுதுவோரின் கவனக்குறைவு அத்தகையதன்று; அதை விலகிச் செல்லும் வழி சிலருக்கு மட்டுமே தெரிகிறது.

மாற்றுவழிக்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் ஒரு புதுமை செய்தது. நேயர் கேள்வி அனுப்புவார். நிலையத்தார் இணையத்தில் தேடி, எளிய மொழியில் வானலையிலேயே விடை சொல்வர். கேட்டவர் ஒருவர், விடை ஊருக்கெல்லாம்.

இலங்கையில் ரோபோப் போட்டி நடத்துவோரும் அவ்வாறே செய்யட்டும். எந்த அணி எதைக் கேட்டாலும் விடை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் எல்லா அணிகளுக்கும் போகவேண்டும். அதன் பின்னும் தெளியாத வரி எதுவாயினும் அதன் பலன் மாணவருக்கே என்பது விதிநூலின் முதற்பக்கத்தில் அச்சாக வேண்டும். அடுத்த போட்டிக்கு அணியின் பெயரைப் பதியும் ஒவ்வோர் ஆசிரியரும் விண்ணப்பத்தோடு இக்கோரிக்கையையும் எழுத்தில் இணைத்து அனுப்புவாராக.