ஒளிக்கிற இடம் தெரிந்தவர்

பி.காம். படித்தவனுக்கு ஆடிட் என்றால் மார்ச் 31-க்கு அப்புறம் வருகிற சங்கதி. ஆஸ்பத்திரியில் கதிரியக்க மருந்து தயாரிக்கும் அறையில் அது செல்லாது ஸார். எலும்பு ஸ்கேனுக்குப் போடும் டெக்னீஷியம்-99எம், 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஊசிமருந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுக்கோ 14 நாள்! ரிசல்ட் வரும்போது மருந்து காலி. ஊசி போட்டுக்கொண்டவர் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். (கிருமி இல்லாதிருந்தால்.)

ஆகவே, தயாரிக்கிறவரின் கையைத்தான் பார்க்க வேண்டும். க்ளவுஸ் மாற்றினாரா? ஜெனரேட்டரிலிருந்து வடித்ததும் மாலிப்டினம் கலந்திருக்கிறதா என்று சோதித்தாரா? இதைக் கேட்கச் சரியான ஆள், அதே வேலையை இன்னோர் ஆஸ்பத்திரியில் செய்கிறவர். வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் 'குவானம்' திட்டத்தில், முதலில் ஆஸ்பத்திரியே தனக்கு மார்க் போட்டுக்கொள்ளும். பிறகு வெளி நிபுணர்கள் வந்து சரிபார்ப்பார்கள்.

அதிகாரி வந்தால் ஃபைலை ஒளித்துவிடலாம். சக தொழிலாளியிடம் நடக்காது. ஒளிக்கிற இடம் அவருக்கும் தெரியும்!